நான்ஸ்டிக் ட்ரேயில் டோனட்: வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் சனிக்கிழமை காலைகளில் சின்னதாக ஒரு பேக்கிங் வகுப்பு நடத்துகிறேன். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர் வருவார்கள். கேக், பன், பிஸ்கட் எல்லாமே சொல்லிக்கொடுத்தாலும், வீட்டுக்குப் போன பிறகு அதிகமாகச் சந்தேகம் கேட்டு அழைப்பது டோனட்டுக்குத்தான். எண்ணெயில் பொரிக்காமல், நான்ஸ்டிக் டோனட் ட்ரேயில் ஊற்றி, ஓடிஜி என்ற சிறிய மின்சார ஓவனில் வேகவைக்கும் டோனட்டைத்தான் சொல்கிறேன். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

கடையில் வாங்கும் டோனட் மாதிரியே வருமா?

வராது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். கடையில் கிடைப்பது பெரும்பாலும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, 180, 190 டிகிரி சூட்டில் உள்ள எண்ணெயில் பொரித்தது. எண்ணெய் மாவைத் தொட்ட நொடியே சூட்டை ஏற்றிவிடும். மேல்தோல் சட்டென்று இறுகும், உள்ளே நீராவி நிறைந்து பஞ்சாகும். ஓடிஜிக்குள் மாவின் மேலே இருப்பது வெறும் காற்று. காற்று அவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்தாது. ட்ரேயின் உலோகத்தைத் தொடுகிற பக்கம் மட்டும் நன்றாகச் சிவக்கும், மேல்பக்கம் வெளிறித்தான் இருக்கும்.

ஆகவே இது வளைய வடிவில் வெந்த ஒரு மிருதுவான கேக். ஓரம் லேசாக மொறுமொறுப்பு, உள்ளே ஈரம், ஜாதிக்காய் வாசம். இட்லிக்கும் வடைக்கும் உளுந்துதான் உயிர், ஆனாலும் இட்லியைக் கடித்துவிட்டு வடை மாதிரி இல்லையே என்று யாரும் குறைப்படுவதில்லை. இதையும் அப்படிப் பாருங்கள்.

பொரித்த ருசிக்குக் கொஞ்சம் பக்கத்தில் போக ஒரு வழி உண்டு. ட்ரேயிலிருந்து எடுத்த சூட்டோடு உருக்கிய வெண்ணெயை மேலே தடவி, பட்டைத்தூள் கலந்த சர்க்கரையில் புரட்டுங்கள். நாக்கில் முதலில் படுவது வெண்ணெயும் சர்க்கரையும் என்பதால் குழந்தைகள் வித்தியாசம் கேட்பதே இல்லை.

நீங்கள் எடுக்கும் அளவு என்ன?

6 டோனட்டுக்கு: மைதா 125 கிராம், பொடித்த சர்க்கரை 70 கிராம், பேக்கிங் பவுடர் 1 டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், துருவிய ஜாதிக்காய் கால் டீஸ்பூன். இவற்றை ஒன்றாகச் சலித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் முட்டை 1, லேசாகப் புளித்த கெட்டித் தயிர் 60 கிராம், பால் 60 மில்லி, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 30 கிராம், வெனிலா எசென்ஸ் 1 டீஸ்பூன். இதை அடித்து, சலித்த மாவில் ஊற்றி, மாவு மறையும் வரை மட்டும் கலந்தால் போதும். உங்கள் ட்ரேயில் குழி சிறியதாக இருந்தால் 7, 8 கூட வரும்.

தயிர் ஏன் என்று பலர் கேட்பார்கள். சோடாவுக்குப் புளிப்பு வேண்டும். புளிப்பு கிடைத்தால்தான் அது முழுதாக வேலை செய்து வாயுவை வெளியிடும். இல்லாவிட்டால் மாவிலேயே தங்கி, சோப்பைக் கடித்தது போல ஒரு ருசியைக் கொடுத்துவிடும். உறைந்து சில மணி நேரமே ஆன இனிப்புத் தயிரை விட, முந்தின நாள் தயிர் நல்லது.

ஜாதிக்காயை விட்டுவிடாதீர்கள். கேக் வகை டோனட்டுக்கு அந்த "டோனட் வாசம்" வருவதே அதில்தான். நம் வீடுகளில் குழந்தைகளுக்கு உரைமருந்து உரைக்க ஒரு ஜாதிக்காய் எப்போதும் இருந்திருக்கிறது. அதே காயைத் துருவினால் போதும், பாட்டிலில் அடைத்த பொடியை விட மணம் நன்றாக இருக்கும்.

கப்பால் அளப்பதை விடத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். 240 மில்லி கப்பில் மைதாவைக் கரண்டியால் தளர்வாகப் போட்டால் ஏறக்குறைய 125 கிராம். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராமையும் தாண்டிவிடும். அந்த 25 கிராமில்தான் பாதிப் பேருடைய டோனட் வறண்டு போகிறது.

எந்த ட்ரே வாங்குவது?

முதலில் ஓடிஜியின் உள்ளளவை அளவுகோல் வைத்து எடுங்கள். 6 குழி ட்ரே நீளவாக்கில் இருக்கும், 16 லிட்டர் ஓடிஜி சிலவற்றில் கதவு மூடாது. வகுப்புக்கு வந்த இரண்டு பேருக்கு இப்படி நடந்தது.

கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். மெல்லிய தகடு சூட்டில் "டப்"பென்று முறுக்கிக்கொள்ளும், ஒரு பக்கக் குழியில் மாவு வழியும். குழியின் நடுவில் இருக்கும் குமிழ் உயரமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தக் குமிழும் ஒரு சின்ன அடுப்பு மாதிரிதான். அது சூடேறி, வளையத்தை உட்புறத்திலிருந்தும் வேகவைக்கிறது.

கறுப்பு ட்ரே சூட்டை அதிகமாக வாங்கும், சீக்கிரம் சிவக்கும். வெளிர் சாம்பல் நிற ட்ரேயில் ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாகும். சிலிக்கான் அச்சும் கிடைக்கிறது. அதில் டோனட் அழகாகக் கழன்று வரும், ஆனால் சிலிக்கான் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும் என்பதால் ஓரம் சிவக்காமல் வெளிறியே இருக்கும். எனக்கு அந்தச் சிவந்த ஓரம் வேண்டும், அதனால் உலோகம்தான்.

நான்ஸ்டிக்தானே, பிறகு எதற்கு வெண்ணெய் தடவ வேண்டும்?

வெறும் மாவு ஒட்டாது. ஆனால் டோனட் மாவில் சர்க்கரையும் முட்டையும் இருக்கின்றன. சர்க்கரை சூட்டில் பாகாகி, பூச்சில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீறலுக்குள் இறங்கி இறுகிவிடும். அந்தக் கீறலை மூடவே ஒரு மெல்லிய கொழுப்புப் படலம். பிரஷ்ஷால் உருக்கிய வெண்ணெயையோ எண்ணெயையோ தொட்டு, குழியிலும் குமிழின் உச்சியிலும் ஒரு சுற்று தடவினால் போதும். அடியில் தேங்கும் அளவுக்கு ஊற்றினால் டோனட்டின் பக்கம் வறுபட்டுக் கடினமாகும்.

தோசைக்கல்லோடு இதை ஒப்பிட்டு, "பழகப் பழக நன்றாக வரும்தானே" என்று ஒரு அம்மா கேட்டார்கள். இது நேர் எதிர். இரும்புக் கல்லில் எண்ணெய் காய்ந்து காய்ந்து ஒரு தோலாகப் படிந்து, அதுவே ஒட்டாத பரப்பாகிறது. வருடம் ஏற ஏறக் கல் மெருகேறும். நான்ஸ்டிக் ட்ரே வாங்கிய நாளில்தான் அதன் உச்சம். அதைத் தக்கவைப்பது மட்டுமே நம் கையில்.

ஸ்ப்ரே எண்ணெய் அடிக்கலாமா?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். அது சூட்டில் பழுப்புப் பிசினாகப் பூச்சில் படிந்துவிடும், தேய்த்தாலும் போகாது. கொஞ்ச நாளில் ட்ரே ஒட்ட ஆரம்பிக்கும்.

எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம்? எனக்கு எப்போதும் வறண்டே வருகிறது.

இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக வரும்.

175 டிகிரி. மேல், கீழ் இரண்டு கம்பிகளும் எரிய வேண்டும். நடுத்தட்டு. ஓடிஜியை 15 நிமிடம் முன்னரே சூடாக்கிவிட்டு, மாவு ஊற்றிய ட்ரேயை உள்ளே வையுங்கள். 9ஆவது நிமிடத்தில் கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுங்கள். பெரும்பாலும் 10 முதல் 12 நிமிடத்துக்குள் வெந்துவிடும்.

கேக்குக்கு 35, 40 நிமிடம் காத்திருந்து பழகியவர்களுக்கு இந்த வேகம் நம்பும்படியாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வளையத்திலும் இருப்பது 65 கிராம் மாவுதான். வெளிப்புறம், அடி, நடுக்குமிழ் என்று எல்லாப் பக்கமும் உலோகம் சூழ்ந்திருக்கிறது. கேக்கில் சூடு நடுவுக்குப் போய்ச் சேர எடுக்கும் தூரம் இங்கே இல்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கட்டும்" என்று விட்டால் அந்த இரண்டு நிமிடத்தில் ஈரம் முழுவதும் போய்விடும்.

மேலே பொன்னிறம் வரும் வரை காத்திருப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. மேல்பக்கம் வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே கீழ்ப்பக்கம் சிவந்திருக்கும். விரல் நுனியால் மெதுவாக அழுத்துங்கள், பள்ளம் விழாமல் எழும்பி வந்தால் வெந்துவிட்டது. பல்குச்சியைக் குத்தினால் ஈரமாவு ஒட்டக்கூடாது, ஒன்றிரண்டு துகள் ஒட்டியிருந்தால் பரவாயில்லை. அந்தச் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும்.

இன்னொன்று, ஓடிஜியின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பிவிடாதீர்கள். என்னுடையது 175 காட்டும்போது உள்ளே 190 இருந்தது. உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் அது தெரிந்தது. அதுவரை மாவின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து மாதக்கணக்கில் வருந்தியிருக்கிறேன்.

ஓட்டை அடைத்துக்கொள்கிறது. ஏன்?

குழியை நிரப்பிவிட்டீர்கள். மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். கரண்டியால் ஊற்றினால் குமிழ் மேலெல்லாம் வழியும். பைப்பிங் பை இல்லாவிட்டால், ஜிலேபி பிழியக் கழுவிக் காயவைத்து எடுத்து வைப்போமே, அந்தப் பால் பாக்கெட் போதும். மாவை அதில் நிரப்பி, முனையை ஒரு விரல் அகலம் வெட்டி, குழியைச் சுற்றி ஒரே சுற்றாகப் பிழியுங்கள். பிறகு ட்ரேயை மேசையில் இரண்டு தட்டு தட்டினால் காற்றுக் குமிழி வெளியே வந்துவிடும்.

ரப்பர் மாதிரி இழுக்கிறது. உள்ளே சுரங்கம் மாதிரி ஓட்டைகள்.

அதிகம் கலக்கிவிட்டீர்கள். பரோட்டா மாவை அடித்துப் பிசைவது எதற்கு? மாவிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இழையாக ஓட வேண்டும் என்பதற்காக. இங்கே அந்த இழையே வரக்கூடாது. எலக்ட்ரிக் பீட்டரை அலமாரியிலேயே வைத்துவிட்டு, ஒரு கரண்டியால் 15, 20 சுற்று. சின்னச் சின்னக் கட்டிகள் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், வேகும்போது கரைந்துவிடும்.

ட்ரேயிலிருந்து எப்போது எடுப்பது?

5 நிமிடம் கழித்து. வெளியே எடுத்த உடனே கவிழ்த்தால் உடையும், ஏனென்றால் உள்ளே இன்னும் இறுகவில்லை. அரை மணி நேரம் மறந்துவிட்டால் நீராவி குழியில் வியர்த்து, அடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். 5 நிமிடத்தில் ஓரத்தைச் சுற்றி ஒரு மரக்குச்சியால் தளர்த்தி, கம்பிவலை மேல் கவிழ்த்துங்கள். கத்தி வேண்டவே வேண்டாம்.

முட்டை சேர்க்க மாட்டோம். என்ன செய்வது?

முட்டையை விட்டுவிட்டு, தயிரை 110 கிராமாகவும் வெண்ணெயை 35 கிராமாகவும் ஆக்குங்கள். பால் அதே 60 மில்லி. மாவு இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக, பிழிந்தால் நிற்கிற மாதிரி இருக்க வேண்டும். முட்டை இல்லாததால் நிறம் குறையும். அதற்கு 1 டேபிள்ஸ்பூன் பால்பவுடர் சேர்த்தால் அதிலுள்ள புரதமும் பால்சர்க்கரையும் சேர்ந்து நல்ல சிவப்பைக் கொடுக்கும். முட்டை போட்டதை விட இது கொஞ்சம் பொலபொலவென்று உதிரும், சூட்டோடு சாப்பிட்டால் குறை தெரியாது.

கோதுமை மாவு, நாட்டுச்சர்க்கரை சேர்க்கலாமா?

மைதாவில் பாதியைக் கோதுமையாக மாற்றலாம். கோதுமைத் தவிடு நீரை இழுக்கும், ஆகவே பால் 2 டேபிள்ஸ்பூன் கூட்டி, கலந்த பிறகு 10 நிமிடம் ஊறவிடுங்கள். முழுக்கக் கோதுமை என்றால் எனக்கு அது டோனட்டாகத் தோன்றவில்லை, கனத்துவிடுகிறது.

நாட்டுச்சர்க்கரை அருமையாக இருக்கும். சலித்து, கட்டி உடைத்துப் போடுங்கள். அதில் இயல்பாகவே ஈரம் உண்டு, டோனட் மறுநாளும் மிருதுவாக இருக்கும். நிறம் முன்கூட்டியே கறுக்கும் என்பதால் கண்ணை நம்பாமல் விரலால் அழுத்திப் பார்த்து எடுக்க வேண்டும். நாட்டுச்சர்க்கரையோடு ஜாதிக்காய்க்குப் பதில் சுக்கும் ஏலக்காயும் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் மழை நாளுக்கு அதுதான்.

ஈஸ்ட் போட்டு, பஞ்சு மாதிரி இந்த ட்ரேயிலேயே செய்ய முடியுமா?

முடியும். மைதா 250 கிராம், சர்க்கரை 40 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், முட்டை 1, வெதுவெதுப்பான பால் 120 மில்லி. பிசைந்து சேர்ந்ததும் மிருதுவான வெண்ணெய் 40 கிராமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசைய வேண்டும். கேக் வகைக்குச் சொன்னதற்கு இங்கே எல்லாம் தலைகீழ்: குளூட்டன் இழை ஓடித்தான் ஆக வேண்டும்.

பாலில் விரலை விட்டால் இளஞ்சூடு தெரிய வேண்டும், சுடக்கூடாது. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும். புளிக்கும் நேரத்தைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள். குளிர்நாடுகளில் எழுதிய குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்றிருக்கும். சித்திரை வெயிலில் எங்கள் மாடியில் 40 நிமிடத்திலேயே மாவு இரண்டு மடங்காகிவிடுகிறது. அதற்கு மேல் விட்டால் கள் வாசம் வந்துவிடும். கோடையில் பாலைச் சூடாக்காமல் குளிர்ச்சியாகவே ஊற்றுவேன்.

எழும்பிய மாவை 50 கிராம் உருண்டைகளாக்கி, நடுவில் விரலால் துளையிட்டு, விரித்துக் குமிழில் மாட்டிவிடுங்கள். மறுபடி 25, 30 நிமிடம் உப்பவிட்டு, 190 டிகிரியில் 9 முதல் 11 நிமிடம். எடுத்தவுடன் வெண்ணெய் தடவியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் பன்.

மைக்ரோவேவில் செய்யலாமா?

சூடான காற்றைச் சுழலவிட்டு வேகவைக்கும் கன்வெக்‌ஷன் வசதி இருந்து, அந்த முறையில் மட்டும் வைத்தால் செய்யலாம். மைக்ரோவேவ் முறையிலும், இரண்டும் கலந்த காம்பி முறையிலும் உலோக ட்ரேயை வைக்கவே கூடாது, தீப்பொறி பறக்கும். சுழலும் தட்டில் நீள ட்ரே சுவரில் இடித்து நின்றுவிடும். அப்போது சுழற்சியை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் 4 குழி ட்ரே வாங்குங்கள்.

ஓவனே இல்லை. அடுப்பில் முடியுமா?

முடியும், அதற்கு நம் வீட்டிலேயே பாத்திரம் இருக்கிறது. நான்ஸ்டிக் குழிப்பணியாரச் சட்டி! மேல்நாட்டுக் கடைகளில் வளையத்தின் நடுவிலிருந்து எடுத்த துண்டு என்று சொல்லி "டோனட் ஹோல்" என்ற பெயரில் குட்டி உருண்டைகள் விற்பார்கள். அதே உருண்டை பணியாரச் சட்டியில் அச்சாக வருகிறது.

மேலே சொன்ன மாவில் பாலை மட்டும் 2 டேபிள்ஸ்பூன் குறைத்துக் கெட்டியாக்குங்கள். குழிகளில் நெய் தொட்டுத் தடவி, முக்கால் அளவு ஊற்றி, மூடி போட்டு, இருப்பதிலேயே சின்னத் தீயில் 3 நிமிடம். மரக்குச்சியால் திருப்பி இன்னும் 2 நிமிடம். ஓரக்குழிகளை விட நடுக்குழி சீக்கிரம் சிவக்கும், அதை முதலில் திருப்புங்கள். சூட்டோடு பட்டைச் சர்க்கரையில் போட்டுக் குலுக்கினால், 6 டோனட்டுக்கான மாவில் 20 உருண்டைக்கு மேல் கிடைக்கும். ஓடிஜி வாங்கிய பிறகும் மாலை நேரத்துக்கு நான் அடிக்கடி செய்வது இதைத்தான்.

நான்ஸ்டிக் பூச்சு உடம்புக்குக் கெடுதல் என்கிறார்களே?

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கே பயப்பட வேண்டும், எங்கே வேண்டாம் என்று பிரித்துப் பார்ப்போம்.

பூச்சின் பெயர் பிடிஎஃப்இ. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் 1938இல், குளிர்பதன வாயுக்களை ஆராயும்போது தற்செயலாகக் கண்டது. டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர். கார்பனும் ஃப்ளோரினும் அதில் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் வேறு எதோடும் சேராது. ஒட்டாமல் இருப்பதற்கும் அதுவே காரணம், தப்பித்தவறி ஒரு துணுக்கு வயிற்றுக்குள் போனால் செரிக்காமல் அப்படியே வெளியேறுவதற்கும் அதுவே காரணம்.

பெரிய சர்ச்சை எழுந்தது பிஎஃப்ஓஏ என்ற இன்னொரு பொருளால். பூச்சைத் தயாரிக்கும்போது துணைப்பொருளாகப் பயன்பட்டது அது. உடலிலும் சுற்றுச்சூழலிலும் சிதையாமல் தங்கிவிடுவதால் 2019இல், இப்படிச் சிதையாத நச்சுப்பொருட்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். புதிதாக வாங்கும் ட்ரேயில் "பிஎஃப்ஓஏ இல்லை" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். பாட்டி காலத்து ட்ரே ஒன்று பரணில் கிடந்தால் அதை எடுக்க வேண்டாம்.

மற்றது சூடு. 260 டிகிரியைத் தாண்டினால் பூச்சு மெல்லச் சிதையத் தொடங்கும், இன்னும் மேலே போனால் வரும் புகை கெடுதல். நாம் டோனட் செய்வது 175இல், ஈஸ்ட் வகை 190இல், நிறைய இடைவெளி இருக்கிறது. ஆபத்து அடுப்பில்தான். வெறும் நான்ஸ்டிக் சட்டியைப் பெருந்தீயில் வைத்துவிட்டு மறந்தால் சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஓடிஜியிலும் வெறும் ட்ரேயை முன்கூட்டியே சூடாக்காதீர்கள், மேல்கம்பிக்கு ஒட்டி வைக்காதீர்கள், கிரில் முறையில் போடாதீர்கள். வீட்டில் லவ்பேர்ட்ஸ் வளர்த்தால் கூண்டைச் சமையலறையில் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை மனிதர்களுக்கு முன்னால் பறவைகளைக் கொன்றுவிடும்.

எப்படிக் கழுவுவது?

ஆறவிட்டு, வெந்நீரில் ஊறவைத்து, மிருதுவான ஸ்பாஞ்சால். சூட்டோடு குழாய்த் தண்ணீரில் காட்டினால் தகடு வளையும். கம்பி நார், தேங்காய் நார், சாம்பல், சபீனா எதுவும் படக்கூடாது. என் முதல் ட்ரே அப்படித்தான் போனது. மற்றப் பாத்திரங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டேன், கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வந்துவிட்டது. மூன்றே மாதம். அதிலிருந்து டோனட் ட்ரேயை நானே கழுவி, ஓடிஜியின் மிச்சச் சூட்டில் 5 நிமிடம் காயவைத்து, குழிகளில் துணி விரித்துத்தான் அடுக்குவேன். பூச்சு உரிந்து தகடு தெரிந்துவிட்டால் சமையலுக்கு வேண்டாம். மணி, நூல், ஊசி போட்டு வைக்கலாம்.

டோனட் மேல் போடும் ஐசிங் பூச்சு வழிந்து ஓடிவிடுகிறது.

டோனட் சூடாக இருந்திருக்கும், அல்லது பால் அதிகமாகியிருக்கும். ஐசிங் சர்க்கரை 120 கிராமுக்கு 4 டீஸ்பூன் பாலில் தொடங்கி, ஒவ்வொரு சொட்டாகக் கூட்டுங்கள். கரண்டியிலிருந்து தேன் மாதிரி இறங்க வேண்டும். சாக்லேட் வேண்டுமென்றால் டார்க் சாக்லேட் 100 கிராம், கிரீம் 60 மில்லி, சூடான தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் சாக்லேட் பூச்சு இறுகவே இறுகாது. அந்த இரண்டு மாதமும் சர்க்கரையில் புரட்டுவதோடு நிறுத்திக்கொள்வேன்.

எத்தனை நாள் இருக்கும்?

அன்றைக்கே சாப்பிடுங்கள். மறுநாள் காலை வரை காற்றுப்புகாத டப்பாவில் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஸ்டார்ச் சீக்கிரமாக இறுகி, வெளியே வைத்ததை விட வேகமாக உலரும். கிரீம் சேர்த்த பூச்சு போட்டதை மட்டும் வேறு வழியில்லாமல் ஃபிரிட்ஜில் வைக்கலாம். நிறையச் செய்துவிட்டால் பூச்சு போடாமல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், ஒரு மாதம் தாங்கும். வேண்டும்போது 160 டிகிரியில் 4 நிமிடம் காட்டினால் ஓரம் மறுபடி மொறுமொறுப்பாகும்.

பொரிக்கவில்லையே, தினமும் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

எண்ணெய் மிச்சம், அது உண்மை. 30 கிராம் வெண்ணெய் 6 டோனட்டுக்குப் பிரிகிறது, ஒன்றுக்கு 5 கிராம். ஆனால் மைதா அதே மைதா, சர்க்கரை அதே சர்க்கரை. கணக்குப் போடுங்கள்: மாவில் மட்டும் ஒன்றுக்கு ஏறக்குறைய 12 கிராம் சர்க்கரை. மேலே ஐசிங் முழுவதும் ஏறினால் இன்னொரு 20 கிராம். சேர்த்துப் போடும் சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் வைத்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் பெரியவர்களுக்கு. ஐசிங் போட்ட ஒரே ஒரு டோனட் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை, இரண்டு முறை. அதற்கு மேல் பிள்ளைகள் கேட்டால் சுண்டல்தான்.

நடுவில் ஓட்டை எதற்கு?

மெதுவடைக்கு எதற்கோ அதற்கேதான்: நடுப்பகுதி பச்சையாக நிற்காமல் வேக. அமெரிக்காவுக்குப் போன டச்சுக்காரர்கள் பன்றிக்கொழுப்பில் பொரித்த, ஓட்டையில்லாத மாவு உருண்டைகளைச் செய்துவந்தார்கள். மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹான்சன் கிரிகரி என்ற கப்பல்காரர், 1847இல் தான் சிறுவனாகக் கப்பலில் இருந்தபோது, நடுவில் வேகாத பலகாரத்தைச் சாப்பிடப் பிடிக்காமல் தகர டப்பாவின் மூடியால் துளையிட்டதாக முதிய வயதில் சொன்னார். அவர் சொன்னது அப்படியே நடந்ததோ இல்லையோ, வேகாத நடுப்பகுதி என்ற தொல்லை உண்மை. நம் ஊரில் வாழையிலையில் தட்டி விரலால் துளையிட்ட கைகளுக்கும் அதே தொல்லைதான் அதே வழியைக் காட்டியிருக்கிறது.

பிறந்தநாளுக்கு 30 டோனட் வேண்டும். ஒரே ட்ரேதான் இருக்கிறது. மாவை மொத்தமாகக் கலந்து வைக்கலாமா?

வேண்டாம். தயிரைத் தொட்ட நொடியே சோடா வேலையைத் தொடங்கிவிடும், கடைசி ஈட்டுக்கு வாயு மிஞ்சாது. உலர்ந்த பொருட்களை 5 பாத்திரங்களில் தனித்தனியாக முந்தின இரவே அளந்து வைத்துவிடுங்கள். காலையில் ஒவ்வோர் ஈட்டுக்கும் ஈரப் பொருளை அப்போதுதான் சேர்க்க வேண்டும். வேக 12 நிமிடம், ஆற 5 நிமிடம், ட்ரேயைத் துடைத்துக் குளிரவைத்து வெண்ணெய் தடவ 8 நிமிடம். ஆக ஓர் ஈட்டுக்கு 25 நிமிடம், மொத்தம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. சூடான ட்ரேயில் அடுத்த மாவை ஊற்றிவிடாதீர்கள், ஊற்றும்போதே ஓரம் வெந்து அடி கறுத்துவிடும். பக்கத்து வீட்டில் இன்னொரு ட்ரே இருந்தால் கேட்டு வாங்கி, மாற்றி மாற்றி வையுங்கள், நேரம் பாதியாகும். மாலை 5 மணிக்குக் கேக் வெட்டுவதென்றால் பகல் 2 மணிக்கு முதல் ட்ரேயை உள்ளே வையுங்கள். குழந்தைகள் வரும்போது கடைசி ஈடு இளஞ்சூட்டோடு இருக்கும்.